புளி போட்டு மினுக்கிய பித்தளைத் தகடு

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நாலு. நாலாவது என் தங்கையின் மகன். அவனையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும். இதை எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். அவசரமாகச் செய்ய இப்போது என்னிடம் ஒரு வேலையும் இல்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு எழுதித் தரச்சொல்லி ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தது. சுவிசுக்கு வந்த எங்கள் பெண்கள் என்னென்ன வேலை செய்தார்கள் என்று தொகுக்கிறார்களாம்.

"நீங்கள் ஆசுபத்திரியோ அம்மா, ஹோட்டலோ?" என்று பேனையைத் திறந்துகொண்டே கேட்டது.

"துவக்கு," என்றேன்.

"என்னது?"

"துவக்கு, பிள்ளை. பழைய துவக்கு. எந்த நாட்டுக்காகச் செய்தது, என்ன வகை, அதிலை இருக்கிற சாமானெல்லாம் ஒண்டுக்கொண்டு சொந்தமோ எண்டு பாக்கிற வேலை. இருபத்தொரு வருசம் பாத்தனான்."

"சுட்டும் பாப்பியளோ?"

"ஒருநாளும் சுட்டதில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது."

அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டு, "அப்ப நீங்களே எழுதித் தாங்கோ, எனக்கு உது விளங்காது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

பேர்ணிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். பழம்பொருள்களை ஏலத்தில் விற்கும் ஓர் இடம். பெயர் தேவையில்லை. யோகன் என்கிற எங்கள் ஊர்ப் பொடியன் அங்கே பெட்டி கட்டும் வேலையில் இருந்தான். அவன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தரை துடைக்கச் சேர்த்துவிட்டான். என் மனுசன் அப்போது இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சமையலுக்கு நின்றார். கிழமையில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் நாலும் பள்ளிக்கூடம். எங்களுக்கு அப்போது நிரந்தர விசா இல்லை. இரண்டுபேருக்கும் ஒழுங்கான வேலை இருக்கிறதென்று காட்டினால்தான் அடுத்த விசாவுக்கு எழுதிப்போடலாம் என்றார்கள்.

துவக்கு கிடந்த மேசையை முதலில் நான் விலத்திப் போய்த்தான் தரை துடைத்தேன். நான் வந்த இடத்தில் துவக்கோடு யாராவது படலைக்குள் வந்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். எந்தப் பக்கத்து ஆட்கள் என்றாலும் அப்படித்தான். துவக்கை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இங்கே அதைப் பார்க்கத்தான் சம்பளம். பழகிக்கொள்ள ஒரு மாரிகாலம் போனது. அவ்வளவுதான்.

தரை துடைத்த நான் மேசைக்கு வந்தது எப்படி என்றால், ஒருநாள் மேசையில் ஒரேமாதிரி இரண்டு துவக்கு கிடந்தன. நான் துடைப்பத்தைச் சாத்திவிட்டு யோகனிடம், "தம்பி, இதிலை குத்தியிருக்கிற ராசமுடியும் அதிலை இருக்கிற முடியும் ஒண்டில்லை. இதைப் பிறகு ஆரோ தேய்ச்சிருக்கினம்," என்றேன். பின்னால் நின்ற பெரியவர் யோகனைப் பார்த்து, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். யோகன் சொன்னான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அடுத்த மாதம் எனக்கு ஒரு சாம்பல் நிற மேலங்கியும் ஒரு சோடி பருத்திக் கையுறையும் தந்தார்கள்.

அந்தப் பெரியவர்தான் ஹெர் லூதி, அதாவது திரு லூதி. ஆயுதப் பகுதிக்குப் பொறுப்பானவர். மெல்லிய ஆள், நிமிர்ந்த நடை. சத்தம் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சுவிசில் எல்லோரும் என் பெயரைப் பாதியில் வெட்டி "ஃபிராவ் சிவா", திருமதி சிவா, என்றபோது, என் மனுசனின் முழுப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போய், மூன்று நாளில் "ஃபிராவ் சிவபாதம்" என்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இலக்கமானாலும் பெயரானாலும் அவருக்கு முழுதாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆப்பிளைக் கத்தியால் இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி அவருக்கு. மறுபாதியை ஒரு தாளில் வைத்து மேசையின் என் பக்கத்துக்குத் தள்ளுவார்.  இரண்டாம் நாளிலிருந்து இது நடந்தது.

அவர் கதைத்தது பேர்ண் டொச்சு, அந்த ஊர் ஜெர்மன். நான் கதைத்தது ஓட்டை டொச்சு. இங்கே இரண்டையும் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

அவர் எனக்குப் பாடம் நடத்தவில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையத் துவக்கில் குத்துகிற முத்திரைகளின் படங்கள் தந்தார். முடி, கழுகு, சிங்கம், பூவளையம், மூன்றெழுத்து, இரண்டெழுத்து. டொச்சு எழுத்து எனக்கு வாசிக்க வராது. ஆனால் ஊரில் மாட்டுக்குச் சுட்டிருக்கிற குறியைப் பார்த்து இது இன்னார் வீட்டு மாடென்று எழுத்துத் தெரியாத சனமும் சொல்லும். அது மாதிரித்தான். ஒரு வருடத்தில் பெட்டி முழுதும் தலைக்குள் வந்துவிட்டது.

எங்கள் மேசைக்கு அதிகம் வந்தது வெளிநாட்டிலிருந்து வந்த துவக்குகள். ஒருதரம் சுட்டதும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அதில் பெல்ஜியத்தில் செய்த ஒன்று இருந்தது. ஒரே துவக்குத்தான், ஆனால் பல நாடுகளுக்குச் செய்து அனுப்பினார்கள். தங்கள் பட்டாளத்துக்கும் செய்தார்கள், லக்சம்பேர்க்குக்கும் செய்தார்கள், எகிப்துக்கும் தென்னமெரிக்காவுக்கும் செய்தார்கள். நாட்டுக்கு நாடு முத்திரை வேறு, ரவையின் அளவு வேறு, குறி பார்க்கிற பின்குறியில் வெட்டிய இலக்கம் வேறு. சேகரிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். எகிப்துக்குப் போனதில் அரபு இலக்கம். அதில் வட்டமாக இருப்பது ஐந்து, வெறும் புள்ளிதான் பூச்சியம். அது எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. டொச்சு இலக்கம் சொல்லத்தான் கஷ்டம், அவர்கள் இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்லுகிறவர்கள்.

அதற்காக லூதி ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். இலக்கத்தை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும். "நாலு. ஒன்று. ஒன்பது." அவர் எழுதுவார். பிறகு அவர் திருப்பி வாசிப்பார், நான் விரலை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு துவக்கு உள்ளே வந்தால் முதலில் லூதி அதைத் திறந்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, ரவை போகும் இடத்தில் ஒரு சிவப்புப் பட்டியைச் செருகுவார். பட்டி இல்லாத துவக்கை நான் தொட மாட்டேன். பிறகு வந்தபடியே ஒரு படம். பிறகு பச்சைத் துணி விரித்த மேசை. மேசைவிளக்கைச் சரித்து வைக்க வேண்டும். நேரே அடிக்கிற வெளிச்சத்தில் தேய்த்த இடம் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். எப்போதும் குழல்வாயிலிருந்து தொடங்கி, தோளில் வைக்கிற பின்மரத்தில் முடிப்பது. குழலின் அடியில் சின்னதாக எழுத்துவரிசை குத்தியிருந்தால் அது அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்தது. உடலில் ஓர் இலக்கம், மூடியில் ஓர் இலக்கம், உள்ளே ஓடுகிற இரும்புகள் இரண்டிலும் இலக்கம். நாலும் ஒன்றென்றால் லூதி பேனையால் மேசையை ஒருதரம் தட்டுவார். அவருடைய சந்தோஷம் அவ்வளவும் அந்தத் தட்டில் இருக்கும்.

மற்ற ஒழுங்கு ஒரு வசனம்தான். "நாங்கள் ஒண்டையும் வடிவாக்கிறதில்லை." அழுக்கு அழுக்காகவே இருக்க வேண்டும். கறை கறையாகவே இருக்க வேண்டும். இரும்புக்கு எண்ணெய்த் துணி, மற்றதுக்கெல்லாம் உலர்ந்த துணி. எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் ஒரு துவக்கின் துருவை இரும்புக் கம்பளியால் தேய்த்து, முத்திரையில் பாதியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டாராம். காலை பத்து மணிக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லூதி அவருடைய கோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். இது யோகன் சொன்னது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். விசாவுக்காக வெளிநாட்டவர் கந்தோரில் விசாரணை. மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். என்ன வேலை என்று அதிகாரி கேட்டதும் நான் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் அதை டொச்சில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இதை இப்பிடியே சொல்லுறதோ?"

"ஏன், பொய்யோ?"

"பொய்யில்லை. துவக்கு எண்டு சொல்லாமல் பழைய சாமான் எண்டு சொல்லுவமே?"

"அண்ணை, நான் படிச்சு எடுத்த வேலை. நீங்கள் குறைக்காதேங்கோ."

அவர் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டுத் தன்னிடமும் வீட்டில் தாத்தாவின் துவக்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார். வேலை தொடர்ந்து இருந்தால் அரைவருடத்தில் விசா வரும் என்றார். தொடர்ந்து இருந்தால். அந்தச் சொல்லை நான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதம்தான் என் பிழை நடந்தது.

எகிப்துக்குப் போன துவக்கு ஒன்று வந்தது. மரம் வெடித்திருந்தது. நாலு இடத்து இலக்கமும் நாலுவிதம். ஒன்றுக்கும் உதவாதது, பின்மரத்தில் பதித்திருந்த தகட்டைத் தவிர. பித்தளையில் சின்ன வட்டம், அரபு எழுத்து, அரபு இலக்கம். எகிப்துப் பட்டாளத்தில் எந்தப் பிரிவுக்குரியது என்று காட்டுகிற தகடு. இங்கே வந்ததில் பலவற்றிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையை மரத்தால் அடைத்திருப்பார்கள். தகடு அப்படியே இருப்பது அருமை. லூதி படம் எடுத்து, "துடைச்சு வையுங்கோ," என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குச் சாமான் பார்க்கப் போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையென்றால் எங்கள் வீட்டில் விளக்கு மினுக்குகிற நாள். முதல்நாள் தமிழ்க்கடையில் வாங்கிய புளி பையில் மறந்து கிடந்தது. தகடு பச்சையும் கறுப்புமாக இருந்தது. எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது. ஒழுங்கு தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இரும்பைத் தேய்க்கக் கூடாதென்று விளங்கியிருந்தேன். பித்தளையை மினுக்காமல் விடுவது ஒழுங்கென்று என் கைக்கு விளங்கவில்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். எழுத்துக்குள் போன சக்கையைத் தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊசியால் கிண்டி எடுத்தேன். ஊசி ஒருதரம் வழுக்கி, பூச்சியப் புள்ளிக்குப் பக்கத்தில் தூண்டில் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தபோது தகடு விளக்குப் போல மின்னியது. பெருமையோடு யோகனைக் கூப்பிட்டேன்.

"ஐயோ அக்கா! இது துவக்கோ, குத்துவிளக்கோ?" என்று முதலில் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது. "லூதி கண்டால் உங்களையும் அனுப்பி, கூட்டிக்கொண்டு வந்த என்னையும் அனுப்புவார்."

"ஏன் தம்பி, வடிவாத்தானே கிடக்கு?"

"வடிவாக் கிடக்கிறதுதான் பிழை!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்த கதை நினைவு வந்தது. விசா நினைவு வந்தது.

என் மனுசன் ஒருமுறை சொல்லியிருந்தார், ஹோட்டலில் வெள்ளிக் கரண்டியால் முட்டை பரிமாற மாட்டார்கள், கறுத்துவிடும் என்று. முதல்நாள் சாப்பிடாமல் விட்ட அவித்த முட்டை என் சாப்பாட்டுப் பெட்டியில் கிடந்தது. மஞ்சள்கருவைப் பிசைந்து தகட்டில் அப்பி, மேலே சமையல் பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டேன். திங்கட்கிழமை வேளைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். கறுத்திருந்தது. பழைய பச்சை வரவில்லை. எழுத்தின் குழிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு நிறம் நின்றது. புளி பட்ட பித்தளைக்கு வருகிற நிறம். எண்ணெய் தடவி வைத்தேன். அந்த முறை லூதிக்கு நிறையச் சாமான் வந்திருந்தது. அந்தத் துவக்கை ஒருதரம் எடுத்துப் பார்த்தார், வைத்தார். யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு விசா வந்தது.

யோகன் கண்டதைத் தவிர, அந்தப் பிழையை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனுசனிடமும் சொல்லவில்லை.

பதினெட்டு வருடம் போனது. பிள்ளைகள் படித்து, வேலை எடுத்து, கலியாணமும் செய்துவிட்டார்கள். என் மனுசன் போய்விட்டார். லூதிக்குத் தலை நரைத்தது, எனக்கும் நரைத்தது. நான் மேசையில் ஒன்றைச் சொன்னால் அவர் மறுபடி பார்க்காமல் எழுதுகிற நாள் வந்திருந்தது. இதைப் பெருமைக்குத்தான் எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் பலபேர் அந்த மேசைக்கு வந்து போனார்கள். அவர்கள் எழுத்தை வாசித்தார்கள். நான் இரும்பைப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை மிச்சம். அந்த முறை ஏலப் புத்தகத்தின் அட்டையில் ஓர் எகிப்துத் துவக்கு. ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவருடையது. அவர் அதைக் கடைசி மட்டும் கையைவிட்டுக் கொடுக்க மனமில்லாமல் இருந்தார். அதனால் லூதி அவருடைய வீட்டிலேயே பார்த்து, அங்கேயே படம் எடுத்து, "எகிப்திலிருந்து வந்தபடியே, எதுவும் மாற்றப்படாதது" என்று எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டார். மேசை பார்க்க முன் அவர் எழுதியது அந்த ஒருதரம்தான். துவக்கு எங்கள் மேசைக்கு வந்தபோது புத்தகம் அச்சாகி வந்திருந்தது. ஏலத்துக்கு ஒன்பது நாள்.

நான் குழல்வாயில் தொடங்கினேன். அமெரிக்க எழுத்து இல்லை. ராசமுடி அப்படியே இருந்தது. இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலும் ஒன்று. லூதி பேனையால் தட்டினார், இரண்டு தரம். பிறகு பின்மரம். விளக்கைச் சரித்தேன்.

பூச்சியப் புள்ளிக்குப் பக்கத்தில் தூண்டில்.

"தகட்டு இலக்கம், ஃபிராவ் சிவபாதம்?"

சொன்னேன். அவர் எழுதினார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாறன் என்று எழும்பினேன்.

யோகன் பெட்டி கட்டுகிற அறையில் இருந்தான். இப்போது அவன் அந்தப் பகுதிக்குப் பெரியவன். விசயத்தைச் சொன்னேன்.

"அந்தப் புளித் தகடோ?" என்றான். "உண்மையாவோ?"

"என்ரை ஊசிக் கீறலை எனக்குத் தெரியாதோ? அந்த உடைஞ்ச துவக்கிலையிருந்து கழட்டி, இந்த நல்ல துவக்கிலை ஆரோ பூட்டியிருக்கினம்."

"பல்லுவைத்தியரோ?"

"அவராயிருக்காது. வாங்கேக்கை ஏமாந்திருப்பார்."

"அப்ப சும்மா இருங்கோ அக்கா. லூதிக்கே தெரியேல்லை. வேறை ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"இரண்டு வருசத்திலை பென்சன். இப்ப போய்ப் புளிக்கதை சொன்னால், பதினெட்டு வருசமா நீங்கள் சொன்னதையெல்லாம் அந்தாள் திருப்பிப் பாக்கும். நினைச்சுப் பாருங்கோ."

அவன் சொன்னது சரி. நான் பயந்ததும் அதற்குத்தான். கோட்டைக் கையில் தந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் பார்ப்பார்கள். என் சொல்லை அந்த மனுசன் மறுபடி சோதிக்கத் தொடங்கினால் அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் நான் சொல்லாமல் விட்டால், பிழையென்று தெரிந்த ஒன்று அந்த மேசையிலிருந்து சரியென்று போகும். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்து என்ன இலக்கம் சொல்லுவது? சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த முட்டையைத் திருப்பி மூடிவைத்தேன். 

போய் நின்றுகொண்டே சொன்னேன்.

"ஹெர் லூதி, அந்தத் தகடு இந்தத் துவக்கின்ரை இல்லை."

"என்னத்தை வைச்சுச் சொல்லுறியள்?"

"முந்தி வேறை துவக்கிலை கண்டனான். பதினெட்டு வருசமிருக்கும்."

அவர் பேனையை வைத்தார். "பதினெட்டு வருசத்துக்கு முந்திக் கண்ட தகட்டை எப்பிடி அடையாளம் சொல்லுவியள்?"

"அதை நான் மினுக்கினனான்."

 அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"என்னத்தாலை?"

"புளியாலை."

அவருக்குப் புளி தெரியாது. ஒரு பழம், புளிப்பு, சமைக்கிறது, விளக்குத் துலக்கிறது என்று சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். உப்புப் போட்டதா, எத்தனை நிமிடம், எதால் துடைத்தது, கீறல் எந்த ஊசியால், பிறகு எப்படிக் கறுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முட்டை என்றபோது பேனை ஒருகணம் நின்றது, பிறகு அதையும் எழுதியது. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

ஒவ்வொரு துவக்குக்கும் எழுதி வைக்கிற அட்டைகளில் அந்த உடைந்த துவக்கின் பழைய அட்டையைத் தேடி எடுத்தார். அன்று எடுத்த படம் இருந்தது. மங்கல் படம். வட்டம் தெரிந்தது, இலக்கம் தெரியவில்லை. ஆக, என் வாய்ச்சொல்தான் மிச்சம். அவர் பல்வைத்தியரைக் கூப்பிட்டார்.

அடுத்தநாள் பல்வைத்தியர் வந்தார். வயதான மனுசன், நல்ல உடுப்பு. லூதி சொன்னதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு துப்புரவுக்காரி சொல்லுறதைக் கேட்டோ நீங்கள் என்ரை துவக்கைப் பொய்யெண்டு சொல்லுறியள்?"

"அந்தத் தகட்டை மினுக்கினதே அவதான்," என்றார் லூதி. "அவவுக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்?"

அது எனக்கு அடியா மரியாதையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

தகட்டைக் கழற்றிப் பார்க்க லூதி கையெழுத்துக் கேட்டார். பல்வைத்தியர் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். என் காலத்தில் அந்த மேசையில் திருகாணி கழன்றது அந்த ஒருதரம்தான்.  தகடு வந்தது. அதன் அடியில் மரம் வேறு நிறம். ஓட்டையை முன்பு யாரோ அடைத்து, பிறகு தகட்டுக்காக மறுபடி குடைந்திருந்தார்கள். அடைத்த மரத்தில் ஒரு துண்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் முதுகில், திருகாணி போகும் துளைக்குப் பக்கத்தில், மண்ணிறமாகக் காய்ந்து இறுகிய ஒன்று. லூதி அதை ஊசிமுனையால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து என் பக்கம் தள்ளினார். ஆப்பிள் தள்ளுகிற மாதிரித்தான்.

ஒரு சின்னத் தும்பு.

"புளிச்சக்கை," என்றேன்.

பல்வைத்தியர் குனிந்து பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். "நான் அதை இருபது தரம் பூதக்கண்ணாடியாலை பாத்தனான்," என்றார். கோபம் போய்விட்டது, குரலும் போய்விட்டது. நான் போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

அவர் போன பிறகு லூதி இரண்டு அட்டையை மேசையில் வைத்தார். புது அட்டையில், தகடு இந்தத் துவக்குக்குரியதல்ல, கண்டுபிடித்தவர் ஃபிராவ் சிவபாதம் என்று எழுதினார். பழைய அட்டையில் சிவப்புப் பென்சிலால், தகடு எங்கள் இடத்தில் புளிப்பால் கெடுக்கப்பட்டது, செய்தவர் ஃபிராவ் சிவபாதம் என்று எழுதினார். இரண்டையும் வாசித்துக் காட்டினார். பெயர் சரியா என்று கேட்டார். என் பெயரின் வடிவம் எனக்குத் தெரியும். சரி என்றேன். இரண்டிலும் கையெழுத்து வாங்கினார். அத்தனை வருடத்தில் என் பெயர் அட்டையில் ஏறியது அன்றுதான், ஒரே நாளில் இரண்டுதரம். பிறகு மூன்றாவதாக ஒரு தாள் எடுத்து, மேசை பார்க்க முன் எழுதியது தன் பிழை என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டு, புது அட்டையோடு சேர்த்துக் குத்தினார்.

அச்சான புத்தகம் ஒவ்வொன்றிலும் திருத்தத் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. லூதியும் நானும் யோகனும் இரண்டு நாள் பசையோடு இருந்தோம். "நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தப் பசை வேலை மிச்சம்," என்று யோகன் தமிழில் முணுமுணுத்தான். என்ன சொல்கிறான் என்று லூதி கேட்டார். பசை நல்ல பசை என்கிறான் என்றேன். பல்வைத்தியர் துவக்கை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அடுத்தநாள் ஒன்பது மணிக்கு லூதி ஆப்பிளை வெட்டவில்லை. முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டார். மூன்று கிழமை அப்படி. நான் சொன்ன இலக்கங்களை அவர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார், ஒவ்வொன்றையும். நான் விரலை எடுத்துக்கொண்டு இடம் விட்டேன். ஒன்றிலும் பிழை இருக்கவில்லை. நாலாம் கிழமை திங்கட்கிழமை ஒரு லக்சம்பேர்க் துவக்கு வந்தது. இலக்கம் சொன்னேன். அவர் எழும்பவில்லை. இருந்தபடியே எழுதினார். ஒன்பது மணிக்கு ஒரு தாளில் பாதி ஆப்பிள் என் பக்கம் வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடமும் பித்தளை வந்தால் மட்டும் அவரே பார்த்தார். அது அவருடைய ஒழுங்கு. 

இப்போது படம் எடுத்துக் கொம்பியூட்டரில் போட்டால் என்ன வகை என்று அதுவே சொல்லுகிறதாம். யோகன் சொன்னான். சொல்லட்டும்.

என் எழுத்தைச் சங்கத்துக்குக் கொடுக்க என் பேத்தி மிதுனா தட்டச்சுச் செய்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். புளி போட்டு மினுக்கிய பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"அம்மம்மா, அந்தப் புளிக் கதையை எடுத்துவிடுவமோ? உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் வாசிப்பினம். தகட்டைக் கண்டுபிடிச்சது மட்டும் இருந்தாலே வடிவா இருக்கும்."

"வடிவாக்காதை. எழுத்துப்பிழையைத் திருத்து. நான் விட்ட பிழையை விட்ட இடத்திலையே விடு."

"சரி, சரி."

"இனி முதலிலையிருந்து வாசி. ஒவ்வொண்டாச் சொல்லு. நான் விரல் வைச்சுப் பாக்கிறன்."